கடைமடைக்கு ஒரு பகல்

அணைமேட்டில் பெண்ணையாற்றின் குறுக்கே ஒரு கல்லணை இருக்கிறது. காரை பூசாமல் கல்லோடு கல் கவ்வும்படி அடுக்கியது. கட்டியவர் பெயருக்குக் கல்வெட்டு கிடையாது. ஊரில் கேட்டால் ஆளுக்கொரு ராஜாவைச் சொல்வார்கள். அணையின் இடது கரையில் ஒரு இரும்பு ஷட்டர். அதிலிருந்து கிளம்பும் கால்வாய் ஏழு கிலோமீட்டர் ஓடிக் கடைமடையில் முடிகிறது. இந்த அணையைப் பற்றி ஞாயிறு இணைப்புக்கு ஒரு பக்கம் எழுதத்தான் நானும் புகைப்படக்காரன் அருண்குமாரும் மார்ச் முதல் வாரத்தில் போனோம். 'வெயிலும் ஆறும்' என்று தலைப்பைக்கூட ஆசிரியர் முன்பே வைத்துவிட்டார்.

வெயிலுக்குக் குறைவில்லை. காலை ஏழேமுக்காலுக்கே சாலையின் தார் மினுங்கியது. ஆற்றில்தான் தண்ணீர் குறைவு. மேலேயிருந்து வந்ததெல்லாம் சாம்பல் நிற நுரையோடு ஷட்டர் வழியாகக் கால்வாய்க்குள் போய்க்கொண்டிருந்தது. அணைக்கு மேலே ஒரு சொட்டுகூட வழியவில்லை.

"வெறும் கல்லா எடுத்துட்டு வராத அருண். தண்ணி வழியணும். அதுல வெயில் பட்டுத் தெறிக்கணும்" என்றேன்.

"இருந்தாத்தானே சார் வழியும்?"

"ஏதாவது பண்ணு."

என்னைக் கடைமடையில் பச்சியப்பன் வீட்டு வாசலில் இறக்கிவிட்டு அவன் பைக்கை அணைக்குத் திருப்பினான். பொம்மிடிக்காரன், வெயில் அவனுக்குப் பழக்கம்.

பச்சியப்பன் அந்தக் கால்வாய்க்கு நாற்பது வருடம் நீர்க்கட்டியாக இருந்தவர். எந்த வயலுக்கு எப்போது தண்ணீர், எவ்வளவு நேரம் என்று முறை வைத்துப் பிரித்துவிடும் வேலை. வயது எண்பத்தொன்று. மூன்று நாள் முன்பு போனில் பேசியிருந்தேன். நாலாவது தடவைதான் எடுத்தார். "யாருப்பா அது, வேல வெட்டி இல்லாம?" என்று ஆரம்பித்து, பத்திரிகை என்றதும் கொஞ்சம் தணிந்தார். "வா. வெள்ளிக்கிழமை எங்க முறை. கடைமடைக்குத் தண்ணி வர்றத நேர்ல பாரு. அதுக்கப்புறம் எழுது."

அது வெள்ளிக்கிழமை.

சிமெண்ட் ஷீட் போட்ட முன்பக்கமும் ஓடு வேய்ந்த பின்பக்கமுமாகச் சின்ன வீடு. அவருடைய மருமகள் சசிகலா வெளியே வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். முகம் அப்போதுதான் கழுவியதுபோல் ஈரமாக இருந்தது.

"மாமா தூங்கறாருங்க."

"பரவால்ல, இருக்கறேன்."

அவள் தெருவை ஒரு பார்வை பார்த்தாள். எதிரே இரண்டு பெண்கள் குடத்தோடு போனார்கள். "குந்துங்க சார்" என்று பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டாள். உள்ளே போய்க் காபி கொண்டுவந்தாள். அடுப்பில் புகை எழுந்துகொண்டிருந்தது. சமைக்கிற வாசனை ஏதும் இல்லை. மாறாக வீடு முழுக்கத் தலைவலித் தைலத்தின் நெடி.

காபியைக் குடித்து முடித்து டம்ளரை வைக்கக் குனிந்தபோது அறைக்குள் கண் போனது. கட்டிலில் பெரியவர் மல்லாந்து படுத்திருந்தார். மார்பு வரை போர்வை. மேலே மின்விசிறி முழு வேகத்தில் சுற்றியது. அந்தக் காற்றிலும் ஒரு ஈ அவருடைய கீழுதட்டில் உட்கார்ந்திருந்தது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஈ நகரவில்லை. உதடும் அசையவில்லை.

இருபத்திரண்டு வருடத்தில் பல வீட்டுக்குச் சாவுச் செய்தி எழுதப் போயிருக்கிறேன். நாற்காலியிலிருந்து எழுந்தேன். சசிகலா அதைப் பார்த்துவிட்டாள். குரலை உயர்த்தாமல் சொன்னாள்:

"சார், கால்ல வுழறேன். குந்துங்க. யார்கிட்டயும் சொல்லிராதீங்க."

"எப்போம்மா?"

"வெடிகாலம் நாலு மணிக்கு. தண்ணி கேட்டாரு. சொம்பு எடுத்துட்டு வர்றதுக்குள்ள போயிட்டாரு."

"ஏன் மறைக்கறீங்க?"

அவள் வாசற்படியில் உட்கார்ந்து, ஒரு முறத்தை மடியில் வைத்துக் கொள்ளில் கல் பொறுக்குவதுபோல் விரலை ஓட்டிக்கொண்டே சொன்னாள். தெருவில் போகிறவர்களுக்கு அது பேச்சாகத் தெரியாது.

"இந்த ஆயக்கட்டுல எந்த வூட்டுல சாவு வுழுந்தாலும் ஷட்டர எறக்கிருவாங்க சார். சுடுகாடு கால்வாய்க்கு அந்தாண்ட. பொணம் தாண்டற கால்வாயில தண்ணி ஓடக் கூடாது. மூணாம் நாளு பால் ஊத்தினப்புறம்தான் தொறப்பாங்க. தொறந்தாலும் செத்த வூட்டுக்கு முறை கெடையாது, அடுத்த வூட்டுலேர்ந்து ஆரம்பிக்கும். நாங்க அடுத்த சுத்துக்கு நிக்கணும். இன்னும் பதினோரு நாளு."

"பயிர் தாங்காதா?"

"நெல்லு சார். கதிரு தொண்டையில நிக்குது. இன்னிக்கித் தண்ணி காட்டினா வெளிய வந்துரும். காட்டலன்னா உள்ளயே சுருண்டு பதராயிரும். போரு போன வருசமே புழுதி கக்கிருச்சி."

"எத்தனை மணி வரை உங்க முறை?"

"காலைல ஆறுலேர்ந்து சாயங்காலம் ஆறு. தண்ணி இங்க வந்து சேரவே அஞ்சு மணி நேரம் ஆவும். பதினோரு மணிக்கு வரும். ஆறு மணி வரைக்கும் பாஞ்சாப் போதும். அப்புறம் வாய வுட்டு அழுதுக்கறோம்."

கணவன் மாதேஸ்வரன் அப்பாவின் முகத்தைத் துணியால் துடைத்துவிட்டு, ஐந்து மணிக்கே மண்வெட்டியோடு கால்வாய்க்குப் போய்விட்டான். தண்ணீர் முனைக்கு முன்னால் நடந்து, அடைத்திருக்கும் குப்பையையும் பிளாஸ்டிக்கையும் இழுத்துப் போட்டு வழி விட வேண்டும். தர்மபுரியில் ஹாஸ்டலில் இருக்கும் மகளுக்குக்கூட அவர்கள் இன்னும் சொல்லவில்லை.

"மூணு வருசம் கழிச்சி இந்த வருசந்தான் நட்டோம். வேணாம் மாமா, சோளம் போட்டுக்கலாம்னேன். கேக்கல. 'ரேசன் அரிசி தின்னு நாக்கு மரத்துப்போச்சி, நம்ம நெல்லுல ஒரு வாய் தின்னுட்டுச் சாவறேன்'னாரு." அவள் விரல் நின்றது. "சாவு வுழுந்தா மடைய அடைக்கறது காலங்காலமா இருக்கறதுதான். ஆனா வுடாம புடிச்சி நடத்தினது அவுருதான் சார். எத்தினி பேரு கெஞ்சியிருக்காங்க. ஒருத்தருக்கும் எறங்கல."

இப்போது எழுந்து போனால் எதிர்வீட்டுக்காரர்கள் ஏன் என்று கேட்பார்கள். இருந்தாலும் ஏன் என்று கேட்கலாம். ஆனால் பேட்டி எடுக்க வந்தவன் காத்திருப்பது இயல்பு. உட்கார்ந்துவிட்டேன்.

ஒன்பது நாற்பதுக்கு உள்ளே ஒரு போன் அடித்தது. பழைய பொத்தான் போன். அதன் சத்தம் வீட்டையே உலுக்கியது. சசிகலா ஓடிப்போய்த் தலையணைக்கு அடியிலிருந்து அதை எடுத்தாள். மணிக்கட்டு அவருடைய காதில் பட்டிருக்க வேண்டும். கையை உதறிக்கொண்டே வந்தாள்.

"லஸ்கர் மாது" என்றாள். லஸ்கர் என்றால் அணையில் ஷட்டரை ஏற்றி இறக்குகிற அரசாங்க ஊழியர். "தெனமும் கூப்புடுவாரு. மாமாகிட்ட வெட்டிக் கதை பேச."

"எடுத்துத் தூங்கறார்னு சொல்லிருங்களேன்."

"என் கொரல்லயே கண்டுபுடிச்சிருவாரு சார். மாமாவும் பாதி நேரம் எடுக்கவே மாட்டாரு. திட்டறதுக்கு மட்டுந்தான் எடுப்பாரு."

போன் ஓய்ந்தது. மறுபடி அடித்தது. அவள் என்னைப் பார்த்தாள்.

"விடுங்க. அடிச்சு ஓயட்டும்" என்றேன்.

மூன்றாவது தடவையும் அடித்து ஓய்ந்தது. போனைத் துணிக்குள் சுற்றி வைத்தாள். நாங்கள் இருவரும் மூச்சை விட்டோம்.

பத்தரை மணிக்கு "சசீ" என்று ஒரு குரல். கையில் தூக்குப்போசியோடு வயதான பெண் ஒருத்தி படலைத் தள்ளிக்கொண்டு வந்தாள். பக்கத்து வயல் நஞ்சம்மாள். பச்சியப்பனுக்குத் தங்கை முறை.

"அவரைக்கொட்டக் கொழம்பு. அண்ணனுக்குப் புடிக்கும்னு கொண்டாந்தேன். எங்க அந்தாளு?"

"தூங்கறாரு அத்தை."

"பத்தரை மணிக்கா? முறை நாள்லயா? மடைய எவன் ஒடைக்கறான்னு ஒரு கண்ணத் தொறந்து வெச்சிக்கிட்டே தூங்கற மனுசனாச்சே." என் பக்கம் திரும்பினாள். "இது யாரு?"

"பேப்பர்லேர்ந்து வந்திருக்காங்க. மாமாவப் பத்தி எழுத."

"எழுதட்டும், எழுதட்டும். சாமி, என்கிட்டயும் ரெண்டு வார்த்தை கேட்டு எழுது. ஆறு வருசம் முன்னால எம் புருசன் செத்தாரு. முக்கா ஏக்கரு மஞ்ச. பாதி வயலு பாஞ்சிருச்சி. பொணத்துக்கு மாலை வர்றதுக்கு முந்தி ஷட்டருக்கு ஆளு போயிருச்சி. 'அண்ணே, மூணு மணி நேரம் வுடுண்ணே'ன்னு நடு மடையில கால்ல வுழுந்தேன். என்னா சொன்னாரு தெரியுமா? 'நஞ்சா, வூட்டுல நீ தங்கச்சி. மடை மேல எனக்குத் தங்கச்சி கெடையாது.' பாஞ்ச பாதியில மஞ்ச எடுத்தேன். மீதியில மண்ண எடுத்தேன்." சிரித்தாள். முன்பல் இரண்டு இல்லை. "ஆனா ஒண்ணு. தப்பான ஆளு இல்ல. எல்லார் வயித்துலயும் ஒரே மாதிரிதான் அடிச்சாரு."

பேசிக்கொண்டே, சசிகலா எழுவதற்குள், அறைக்குள் போய்விட்டாள்.

"அண்ணே" என்ற குரல் கேட்டது. பிறகு எதுவும் கேட்கவில்லை. மின்விசிறி மட்டும் கடகடத்தது. சசிகலா முறத்தைப் பிடித்தபடி நின்றாள். கொள் படபடவென்று தரையில் சிந்தியது.

நஞ்சம்மாள் வெளியே வந்தாள். அவரது பாதத்தைத் தொட்ட கையைப் புடவையில் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"எப்போ?"

"நாலு மணிக்கு."

அவள் வெயிலை அண்ணாந்து பார்த்தாள். "ஆறு மணி வரைக்குமா?"

"ஆமா அத்தை." சசிகலாவின் முகம் கோணிக்கொண்டது.

"அழுவாத. அழுதா மொத்தமும் போச்சி." தூக்குப்போசியின் மூடியை அழுத்தி மூடி ஓரமாக வைத்தாள். "பொணம் கெடக்கற வூட்டுல அடுப்பு எரியலாமாடி? ஏதாவது ஒலை வெச்சிருக்கியா?"

"வெறும் தண்ணி. பொகை தெரியணுமேன்னு."

"பொகை போட்டது போதும். அணை. போர்வைய நனைச்சிப் போடு. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா மாத்து."

பிறகு வாசற்படியின் நடுவில், யாரும் தாண்டிப் போக முடியாதபடி, காலை நீட்டி உட்கார்ந்துவிட்டாள்.

அன்று பகல் முழுக்க அந்த வீட்டைக் காத்தது நஞ்சம்மாள்தான். பதினோரு மணிக்கு ஒரு ஆள் சைக்கிளை நிறுத்தி, "பெருசு எங்க? கேக்கணும் ஒண்ணு" என்றான்.

"உள்ள பேதியாவுது. வந்து கழுவி வுட்டுட்டுக் கேக்கறியா?"

"அய்ய, சாயங்காலம் வர்றேன்" என்று மிதித்துக்கொண்டு போய்விட்டான். நஞ்சம்மாள் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள். எனக்குச் சிரிப்பு வந்தது. உள்ளே கிடப்பவரை நினைத்ததும் அடங்கியது.

தண்ணீர் வர வேண்டிய நேரம் வந்தது. பதினொன்று. பதினொன்றரை. சசிகலா நாலு தடவை கொல்லைப்புறம் போய் வரப்பில் நின்று பார்த்துவிட்டு வந்தாள். நானும் ஒரு தடவை கூடப் போனேன். ஒரு ஏக்கர் நெல். தூரத்திலிருந்து பச்சை, பக்கத்தில் இலை நுனிகள் ஊசியாகச் சுருண்டிருந்தன. அவள் ஒரு தாளைப் பிடித்து விரலால் அமுக்கிக் காட்டினாள். உறைக்குள் கதிர் தடிப்பாகத் தட்டுப்பட்டது. வயலின் மண்ணில் கால்விரல் நுழைகிற அளவுக்கு வெடிப்பு. அதன் ஓரத்தில் கால்வாய் காய்ந்து கிடந்தது, போன முறை விட்டுப்போன நுரை வெள்ளை வெள்ளையாகப் படிந்தபடி.

"எங்க வூட்டுக்காரருக்குப் போன் பண்ணினேன். தோப்பு மடைகிட்ட முனை நின்னுபோச்சாம். ஏன்னு தெரியல, மேல நடந்து பாக்கறேன்னாரு" என்றாள்.

பன்னிரண்டேகாலுக்கு என் போனில் ஒரு படம் வந்தது. அருண்குமார் அனுப்பியிருந்தான். கல்லணை முழு நீளத்துக்கும் தண்ணீர் மெல்லிய கண்ணாடித் தகடுபோல் வழிந்துகொண்டிருந்தது. கல் இடுக்குகளில் பட்டுச் சிதறிய ஒவ்வொரு துளியிலும் வெயில். நுரைகூட அதில் பூப்போலத்தான் தெரிந்தது. அந்தப் படம்தான் பிறகு இணைப்பின் முதல் பக்கத்தில் வந்தது. எனக்கு இப்போதும் அதைப் பார்க்கப் பிடிக்காது.

படத்தைத் தொடர்ந்து அவனே கூப்பிட்டான். குரலில் உற்சாகம்.

"எப்படி சார்? நீங்க கேட்ட மாதிரியே."

"தண்ணி எங்கேர்ந்து வந்துது அருண்?"

"லஸ்கர்கிட்ட கேட்டேன் சார். நல்ல மனுசன். ஷட்டரை இறக்கினா ஆத்துல தேங்கி வழியும்னார். இறக்கிட்டார். தேங்கி நிரம்பவே ரெண்டு மணி நேரம் ஆச்சு. இன்னொரு பக்கத்துலேர்ந்து ரெண்டு எடுத்துட்டு..."

"இப்பவே ஏத்தச் சொல்லு. இப்பவே."

"ஏன் சார்?"

என்னால் ஏன் என்று சொல்ல முடியவில்லை. "ஏத்தச் சொல்லு" என்று மட்டும் கத்தினேன். சசிகலா என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். படத்தை அவளிடம் காட்டினேன். அவள் சற்று நேரம் பார்த்தாள். என்ன பார்க்கிறோம் என்று அவளுக்குப் புரிய ஒரு நொடி ஆயிற்று.

"எங்க தண்ணி" என்றாள்.

அவள் மாதேஸ்வரனைக் கூப்பிட்டாள். அவன் மாதுவைக் கூப்பிட்டான். அந்தப் பேச்சை நான் கேட்கவில்லை. ஒரு மணிக்கு மேல் வெயிலில் ஓடிவந்து, வாசலில் சேறு காய்ந்த காலோடு நின்று மாதேஸ்வரன் சொன்னதுதான். நாற்பது வயது இருக்கும், கண்கள் சிவந்திருந்தன. என்னை அவன் ஏறிட்டுப் பார்க்கவே இல்லை.

"எங்க முறையில எவனக் கேட்டு எறக்கினேன்னு கேட்டேன். 'உங்கப்பனக் கேட்டுத்தான்டா எறக்கினேன்'றான். காலைல மூணு தடவ அடிச்சானாம். குப்பை எடுக்க ஷட்டர எறக்கணும்னாலும், முறை மாறும்போதும், அப்பனுக்கு மூணு தடவ அடிப்பானாம். வேணாம்னா எடுத்துத் திட்டுவாராம். எடுக்கலன்னா சரின்னு அர்த்தமாம். இருவது வருசமா இப்பிடித்தானாம்." அவன் தலையைச் சுவரில் முட்டிக்கொண்டான், சத்தம் வராமல். "'அண்ணன்கிட்ட போனக் குடு, நானே தப்பு கேட்டுக்கறேன்'றான். தூங்கறாருன்னேன்."

சசிகலா துணிச்சுற்றிலிருந்து அந்தப் போனை எடுத்தாள். அதன் சின்னத் திரையில் 'மூன்று அழைப்புகள்' என்று இருந்தது. "நான்தான் எடுக்கல" என்றாள். "கையில வெச்சிக்கிட்டு நின்னேன்."

விடுங்க என்று சொன்னது நான். அவள் அதைச் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

"எத்தினி மணிக்கு ஏத்தினான்?" என்றாள் நஞ்சம்மாள்.

"பன்னண்டரைக்கு."

அவள் விரல் விட்டு எண்ணினாள். "அஞ்சரை. நனைஞ்ச கால்வாதான், கொஞ்சம் முந்தி வந்தாலும் வரும். ஓடு. இங்க நின்னு அழுது என்னா ஆவப் போவுது?"

மாதேஸ்வரன் அறைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு ஓடினான்.

மதியத்துக்கு மேல் வெயில் ஷீட்டின் வழியாக இறங்கியது. சசிகலா போர்வையை நனைத்துப் போட்டாள், கால்மணி நேரத்தில் அது காய்ந்தது, மறுபடி நனைத்தாள். தைலம் தீர்ந்துவிட்டது. ஊதுபத்தி ஏற்ற முடியாது, வாசனை தெருவுக்குப் போகும். கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டவில்லை, தாடையைக் கட்டவில்லை; வாய் திறந்தபடியே இறுகிவிட்டிருந்தது. யாரும் சாப்பிடவில்லை. அவரைக்கொட்டைக் குழம்பு ஓரத்தில் புளித்துக்கொண்டிருந்தது. நாலு மணிக்கு ஒரு காக்கை அதன் மூடியைக் கொத்தியது. நஞ்சம்மாள் அதை விரட்ட எழவில்லை. "நீயாவது தின்னு" என்றாள்.

நான் பலமுறை போகக் கிளம்பினேன். ஒவ்வொரு முறையும், தண்ணீர் வந்துவிட்டால் பார்த்துவிட்டுப் போகலாம் என்று உட்கார்ந்தேன். உண்மையில் எனக்கும் அது வந்தாக வேண்டியிருந்தது.

ஐந்தரை மணிக்கு வயலுக்குப் போனோம். சசிகலா வீட்டில் இருந்தாள். நஞ்சம்மாளும் நானும் கால்வாய்க் கரையில் நின்றோம். வளைவில் மாதேஸ்வரனின் தலை தெரிந்தது. குனிந்து குனிந்து எதையோ வாரி எறிந்துகொண்டு வந்தான். அவனுக்கு இரண்டடி பின்னால் தண்ணீர். அது தண்ணீர் போலவே இல்லை. முன்னால் ஒரு முழ உயரத்துக்கு அழுக்கு நுரை. அதற்குக் கீழே சருகும் பாலிதீன் கவர்களும் உருண்டன. அடியில் கருப்பாக ஒரு நாக்கு மண்ணைத் தடவியபடி ஊர்ந்துவந்தது. வெடிப்பு வந்தால் நின்றது. அது நிரம்பும் வரை நின்று குடித்துவிட்டு மறுபடி நகர்ந்தது.

"வா, வா, வா" என்று மாட்டைக் கூப்பிடுவதுபோல் மாதேஸ்வரன் கூப்பிட்டான்.

ஐந்து ஐம்பதுக்கு அது அவர்கள் மடையைத் தொட்டது. அவன் மண்வெட்டியால் ஒரே வெட்டாக மடையைத் திறந்தான். தண்ணீர் வயலுக்குள் நுழைந்தது. முதல் வெடிப்புக்குள் விழுந்து காணாமல் போயிற்று. இரண்டாவது வெடிப்புக்குள் விழுந்தது. மண் சுர்ரென்று ஒலி எழுப்பியது. மூலையில் ஒரு பாய் விரிக்கிற அளவு இடம் கறுத்தது. நெல் தாள்கள் அசையக்கூட இல்லை.

சசிகலா படலைத் திறந்துபோட்டுவிட்டு வரப்பில் ஓடி வந்தாள். வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூலையில் கறுத்த அந்தப் பாயளவு மண்ணைப் பார்த்தாள். வாய் திறந்தது. அவ்வளவு நேரம் அடக்கி வைத்தது இப்போது வரப் போகிறது என்று எனக்குத் தெரிந்தது.

"சசி" என்றாள் நஞ்சம்மாள்.

சசிகலா திரும்பினாள்.

நஞ்சம்மாள் வேலி ஓரத்தில் தன் வயலைப் பார்த்தபடி நின்றிருந்தாள். அதிலும் நெல்தான். அதே உயரம், அதே சுருண்ட நுனி.

"பகல் முழுக்க உன் வாசப்படியில குந்தியிருந்தேன்."

"ஆமா அத்தை."

"ஆறு மணிக்கு என் முறை. காலைல ஆறு வரைக்கும்."

மடையில் தண்ணீர் களக் களக் என்று விழுந்துகொண்டிருந்தது.

"எனக்கும் தொண்டையிலதான் நிக்குது சசி. மூணு நாளு தாங்காது" என்றாள். குரல் கெஞ்சவில்லை, விலை சொல்லவும் இல்லை. "நீ இப்ப அழுதா ஷட்டர எறக்கிருவாங்க. ஆறு வருசம் முன்னாலயும் எனக்குப் பாதியிலதான் எறக்கினாங்க."

"ஒரு பகல் பூரா கெடந்துட்டாரு அத்தை." சசிகலாவின் குரல் உடைந்தது. "அந்த வெயில்ல. இன்னும் ஒரு ராத்திரி எப்பிடி?"

"ராத்திரியில வெயிலு இல்ல."

சசிகலா கணவனைப் பார்த்தாள். மாதேஸ்வரன் சேற்றில் நின்றபடி கைக்கடிகாரத்தைப் பார்த்தான். அதன் கண்ணாடியை முழங்கையில் துடைத்து மறுபடி பார்த்தான். பிறகு குனிந்து நாலு வெட்டு மண்ணை எடுத்துத் தன் மடையை அடைத்தான். கையால் அறைந்து இறுக்கினான். பத்தடி நடந்துபோய் நஞ்சம்மாளின் மடையைத் திறந்தான். வழி நனைந்திருந்ததால் தண்ணீர் தயங்காமல் முழு அகலத்துக்கும் உள்ளே போயிற்று. நுரை அவளுடைய நெல்லின் காலடியில் சுழன்றது.

"நல்லாப் பாயுது" என்றான் அவன்.

நஞ்சம்மாள் புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. அது அண்ணனுக்காகவா, தண்ணீரைப் பார்த்தா என்று எனக்குத் தெரியவில்லை. அன்று விழுந்த முதல் அழுகை அதுதான். சத்தம் வரவில்லை.

திரும்பி வந்து வாசலில் நின்றோம். அருண்குமாரின் பைக் தூரத்தில் வருவது தெரிந்தது. சசிகலா படலைச் சாத்தினாள். போர்வையை நனைக்கக் குடத்தைச் சாய்த்தாள்.

அப்போது உள்ளே போன் அடித்தது.

சசிகலாவின் கை குடத்தின் மேல் நின்றது. யாரும் போய்ப் பார்க்கவில்லை. மணி ஆறு. முறை மாறுகிற நேரம், மாது கேட்கிறார். அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. மாதேஸ்வரன் கால் சேற்றைக் கல்லில் தேய்த்துக்கொண்டிருந்தான். நஞ்சம்மாள் வாசற்படியில் மறுபடி காலை நீட்டி உட்கார்ந்து, தலையைச் சற்றே சாய்த்து, கவனமாகக் கேட்டாள்.

மூன்றாவது தடவையும் அடித்து ஓய்ந்தது.